இன்று மட்டும் அந்த மில்லுக்குப் போகாதீர்கள்

அத்தை,

கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். தூக்கமா, கோபமா தெரியவில்லை, எழுப்பவில்லை. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

இன்று மட்டும் பக்கத்து மில்லில் மிளகாய் அரைக்கக் கொடுக்காதீர்கள். அந்தச் சத்தமும் நெடியும் தாங்காமல்தான் தமிழ்வாணி கேஸ் போட்டாள். போன வாய்தாவில் மில்கார சோணைமுத்து அண்ணன் கோர்ட் வாசலில் எல்லோர் முன்னாலும், "தம்பி, மல்லி அரைச்சு ரெண்டு நாளாச்சு, உங்க அத்தைய வந்து வாங்கிக்கிறச் சொல்லுங்க" என்றார். நம் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அவசரமென்றால் பரவைக்குப் பஸ் ஏறிப் போய் அரைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று, "எம் மக போட்ட கேஸ அம்போன்னு விட்டுப்புடாதீக மாப்ள" என்றீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கேஸ் நடக்க, அவள் இடத்தில் என்னைச் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். அதில் அவள் பெயருக்கு முன்னால் 'காலமான' என்று டைப் அடித்திருக்கிறார்கள். இரண்டு மாதமாகப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்றுதான் கடைசி நாள்.

காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பீமாராவ்

பி.கு: சோணைமுத்து அண்ணன் வண்டியில்தான் போகிறேன். "ஒரே கோர்ட்டுக்கு எதுக்குத் தம்பி ரெண்டு வண்டி?" என்றார். இன்றோடு கேஸ் முடிந்துவிடும் என்று நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறார். வழியில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பாதி வழியில், ஆரப்பாளையத்திலேயே இறக்கிவிட்டாலும் விடுவார். வர நேரமாகும், நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.