பீரோ மேல் துரை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். அத்தையும் நலம். துரையும் நலம்தான், ஆனால் இப்போது கூண்டில் இல்லை. பீரோ மேல் இருக்கிறான். இன்றோடு மூன்று நாள். அத்தை பக்கத்தில் இருக்கும்போது போனில் எனக்கு “ம்”, “சரிங்க” தவிர வேறு வார்த்தை வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். திட்டுவதானால் கடிதத்திலேயே திட்டிவிடுங்கள்.

உங்கள் கொண்டைக்கிளி துரை என் விரலில் வந்து உட்காருகிறான் என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா? அது பொய்.

நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடியே எல்லாம் செய்தேன். நேராகப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, தினைக் கதிரைக் கம்பிக்கு உள்ளே நீட்டி, கை மரத்துப்போகும்வரை அசையாமல் இருந்தேன். அவன் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு பாம்பு மாதிரி சீறுவான், பிறகு கை எட்டாத மூலைக்குப் போய்விடுவான். ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்தது கட்டைவிரலில் ஒரு கொத்து மட்டும். நீங்களோ ஒவ்வொரு கடிதத்திலும் விரலுக்கு வந்துட்டானா, வந்துட்டானா என்றே கேட்டீர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். விடை தெரியாவிட்டாலும் தாளை வெறுமையாகக் கொடுத்துப் பழக்கமில்லை. வந்துவிட்டான் என்று எழுதிவிட்டேன்.

நீங்கள் அதைச் சந்தோஷமாக அத்தையிடம் சொல்லிவிட்டீர்கள். வியாழக்கிழமை காலை அத்தை, எங்கே நானும் பாக்குறேன், கூப்பிடும்மா என்று கூண்டைத் திறந்துவிட்டார்கள். விரலை மட்டும் நீட்டினேன். அவன் என் தலைக்கு மேலே படபடவென்று பறந்து, திரைச்சீலையில் மோதி, பீரோ மேல் ஏறிவிட்டான். உன் கையில உக்காருதுன்னு உன் புருஷன் சொன்னான், இவன் என்னடான்னா மேலே உக்காந்து நம்மள வேவு பாக்குறான் என்றார்கள் அத்தை. அவ்வளவுதான்.

ஜன்னல்களைச் சாத்தினார்கள். யாரும் மறதியாகப் போட்டுவிடக் கூடாதென்று மின்விசிறி சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டினார்கள். அன்றிலிருந்து இந்தப் புழுக்கத்தில், வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பள்ளிச் சீருடைகளைத் தைக்கிறார்கள். திட்டினால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும்.

நேற்று நீங்கள் பேசினபோது என்ன சொன்னார்கள், நினைவிருக்கிறதா? அவனுக்கென்னடா, உன் பொண்டாட்டி கைய விட்டு எறங்க மாட்டேங்குறான், எனக்கே பொறாமையா இருக்கு என்றார்கள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்கள். போனை வைத்ததும் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். தெரிஞ்சா அங்க உக்காந்துக்கிட்டு அவன் என்ன பண்ணப்போறான், அந்தப் பட்டன் டப்பாவ எடு என்றார்கள். உங்களுக்காகச் சொன்னார்களா, எனக்காகவா? இல்லை, பின்னால் ஒருநாள் சொல்லிக்காட்டவா? யோசிக்க யோசிக்கக் குழப்பமாக இருக்கிறது.

இன்று காலை அத்தை துணி வெட்ட, நான் அளவு நோட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். தோள் பன்னிரண்டு, கை ஏழு, உயரம் இருபது. மேசையின் கோடியில் தொப்பென்று ஒரு சத்தம். துரை! என் முழங்கைக்குப் பக்கத்தில் நான் மறந்து வைத்திருந்த தினைக் கதிரை நோக்கி நடந்து வந்தான். நான் படிப்பதை நிறுத்தினேன். அவனும் நின்றுவிட்டான். அத்தை கத்தரிக்கோலை ஆட்டி, படி, படி என்று சைகை காட்டினார்கள். பக்கம் முடிந்துவிட்டது. புரட்டப் பயந்து, அதே பிள்ளையின் தோளையும் கையையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் சாவகாசமாகத் தின்றான். வால் என் முழங்கையில் பட்டது போல் இருந்தது. பார்க்கவில்லை, அதனால் பட்டது என்று எழுத மாட்டேன். அத்தை சிரிப்பை அடக்கப் பார்த்து, இருமிவிட்டார்கள். அவன் மறுபடியும் பீரோவுக்குப் போய்விட்டான்.

அது நம்பிக்கையா, பசியா? தெரியவில்லை. கூண்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அத்தை சொன்னதை மட்டும் நம்பின மாதிரியே இருங்கள். அவர்களிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள்.

இதை எழுத உட்காரும் முன் உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். அறை விசாலம், சாப்பாடு பரவாயில்லை, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து காலில் பட்ட அடி அன்றைக்கே ஆறிவிட்டது. முன்பு படித்தபோது நிம்மதியாகத் தூங்கினேன். இன்று ஒவ்வொரு வரியிலும், வந்துவிட்டான் என்று எழுதிய என் கையெழுத்துத் தெரிகிறது.

அடுத்த கடிதத்தில் நலம் என்று ஆரம்பிக்காதீர்கள். கால் எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அத்தைக்குப் படித்துக் காட்டும்போது எதைப் படிப்பது, எதை விடுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நம் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

உங்கள் மனைவி