புதுச்சேரி பஸ்ஸில் எனக்கு மட்டும் தெரியாதது

என் அன்பு அண்ணனுக்கு,

அன்பு என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. உங்கள்மேல் உள்ள கோபம் மட்டும் எனக்குத் துளியும் குறையவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், உங்கள் அண்ணன் தங்கமான மனுஷன் என்று யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருஷம் நம் பங்குக் கோவிலிலிருந்து புதுச்சேரிக்கு இரண்டு நாள் சுற்றுலா பஸ் விட்டார்களே, அதை எப்போதாவது நினைத்துப் பார்த்தீர்களா? அப்பாவும் அம்மாவும் போனபின் எனக்கு எல்லாம் நீங்கள்தான். ஊரைப் பற்றிப் படித்து வை, வருகிறவர்களுக்கு நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றீர்கள். ஒரு மாதம் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். பஸ் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தைத் தாண்டும்போதே பேச ஆரம்பித்துவிட்டேன்.

முன் சீட்டில் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவர் மகனும் இருந்தார்கள். தெரிந்தவர்கள் என்று மட்டும் சொன்னீர்கள். அந்த அம்மா என்னை விட்டு நகரவே இல்லை. தெருமுனையில் நீலத் தகட்டில் இருந்த பெயரைத் தூரத்திலிருந்தே படிக்கச் சொன்னார். சம்பா கோவிலில் ஒரு மாதா பாட்டுப் பாடச் சொன்னார். கடற்கரையில், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து பார், சுகமாக இருக்கும் என்றார். நடந்தேன். அரிக்கமேட்டில் ரோமாபுரிக் கப்பல்கள் வந்த கதையைச் சொன்னபோது பஸ்ஸே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் பேச்சையும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா?

கண் தெரிகிறதா, குரல் நன்றாக இருக்கிறதா, கால் நொண்டாமல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். பஸ்ஸில் வந்த முப்பது பேருக்கும் அது பெண் பார்க்கும் படலம் என்று தெரியும். டிரைவருக்குக்கூடத் தெரியும். நான் ஒருத்திதான் ஊர் பார்க்கப் போனவள்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பது வழக்கம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். முதல் பெயர் அந்தத் தஞ்சாவூர்ப் பையனுடையது. இரண்டாவது என்னுடையது. பெண்ணுக்குச் சம்மதம் என்று சாமியாரிடம் நீங்களே சொல்லியிருந்தீர்கள்.

பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு எழுந்து நின்றேன்.

"தடை இருக்கு சாமி. எனக்குச் சம்மதம் இல்லை."

இவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பதினான்கு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். ஒரே தெரு, ஒரே கோவில். கடைசி நாளில் உங்கள் கால்மாட்டில் வந்து நின்றேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். என்னைக் கேட்காமல் பேசி முடித்தவர் நீங்கள், அவமானப்பட்டவரும் நீங்களா? இது எந்த ஊர் நியாயம் அண்ணா?

ஆனாலும் நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்து படித்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லித் தருகிறேன். இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை பங்கிலிருந்து மறுபடியும் புதுச்சேரிக்கு பஸ் போகிறது, பெண்களுக்குப் பொறுப்பு நான். அண்ணி உங்கள் மகள் லில்லியின் பெயரைக் கொடுத்தார்கள். கூடவே கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றின் மூன்று பெயர்கள். கேட்டேன். நீங்கள் படுக்கையில் விழுவதற்கு முன்னால் பேசி வைத்த இடமாம்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. தெரிஞ்சா கூச்சப்படுவா," என்றார்கள் அண்ணி.

கூச்சமா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தும் நீங்கள் திருந்தவில்லை.

நேற்று சாயங்காலம் லில்லியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், பையன் பெயர் என்ன, எல்லாம். அவள் கேட்டாள்: "பிடிக்கலைன்னா அப்பா வருத்தப்படுவாங்களா அத்தை?"

பதினெட்டு வயதுப் பெண், அண்ணா. கல்லறையில் இருக்கிற உங்களுக்கு இன்னும் பயப்படுகிறாள்.

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் வாக்காகத் தருகிறேன். பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால், ஓலை வரைக்கும் போகவே விடமாட்டேன். அவளுக்கும் சேர்த்து உங்கள் கோபத்தை நானே சுமந்துகொள்கிறேன், எனக்கு அது பழகிவிட்டது. பிடித்திருக்கிறது என்று சொன்னால், தகப்பன் நடக்க வேண்டிய இடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பீடம் வரைக்கும் நான் நடப்பேன். அன்றைக்கு எந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவீர்கள் என்று பார்க்கிறேன்.

நீங்கள் வேண்டாம் என்றாலும் உங்கள் கூடப்பிறந்தவள்தான்,
தங்கை மரியபுஷ்பம்