பின் அச்சில் ஓர் உறுமல்

உத்திரமேரூர்,
ஞாயிறு காலை.

செல்வ மருமகள் அகிலாவுக்கு, உன் தாய்மாமனும் இந்தத் தாலுக்காவின் தலைசிறந்த ஓட்டுநருமான நமச்சிவாயம் எழுதுவது. இங்கு உன் வண்டியைத் தவிர எல்லாரும் நலம். புனேயில் அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் குறுக்கே கேள்வி கேட்பாய். அதனால்தான் கடிதம்.

கட்டிலும் அடுப்பும் வைத்த உன் பழைய வேன் வீட்டை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லிச் சாவி கொடுத்தாய். பத்து நாளாகப் பின்பக்கம் ஓர் உறுமல். முப்பது கிலோமீட்டர் தள்ளி ராஜகுளத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகளெல்லாம் அதைக் கேட்டு வீறிட்டதாகத் தகவல்.

முதலில் எதிர்வீட்டுச் சின்னராசுவைச் சந்தேகித்தேன். வேன் வந்த நாள் முதல் அவன் பார்வை சரியில்லை. பிறகு உனக்கு அதை விற்றவனை. கடைசியில் மெக்கானிக் முனிரத்தினத்தையே.

அவன் பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தான். சத்தமில்லை. ஓட்டிப் பார்த்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் உறுமுகிறது, காலை எடுத்தால் அடங்குகிறது. சக்கரத்து பேரிங் அல்ல, அச்சின் நடுவில் பானை மாதிரி இருக்கும் டிஃபரன்ஷியலின் பேரிங் தேய்ந்துவிட்டது என்றான். நானா நம்புவேன்? என் கண்முன் ஆயிலை இறக்கச் சொல்லி, இமைக்காமல் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தது. அதில் இரும்புத்தூள், காஞ்சிபுரத்து ஜரிகை தோற்கும்படி மின்னியது. நீதான் எதையோ கலந்துவிட்டாய் என்று அவனிடம் கத்தினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: “இன்னா மாமா, வண்டிய எந்தத் தண்ணில எறக்கின?”

சென்ற மாதம் மாகறலில் என் மகளின் மாமியார் வீட்டுக் காதுகுத்து. நின்றே கிடந்தால் டயர் கெட்டுவிடுமே என்ற அக்கறையில் உன் வேனில் போனேன். செய்யாற்றில் முழங்கால் அளவு தண்ணீர். கரையில் சம்பந்தி வீட்டார் மொத்தமும் நின்றார்கள். வண்டியோடு ஆற்றில் இறங்கிவிட்டேன். நடு ஆற்றில் நிறுத்தி அரைமணி நேரம் போட்டோ. ஓடிச் சூடான அச்சு சட்டென்று குளிர்ந்தால், மேலே உள்ள காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுமாம். பேரிங் துருப்பிடித்துத் தேய்ந்தது அப்படித்தான்.

அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் அக்காவை அதில் ஏற்காட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாய். பழைய மாடல் என்பதால் புது பேரிங் அதற்குள் கிடைக்காது. மலையில் பழையது உடைந்தால் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும் என்கிறான் முனிரத்தினம். அங்கே இருபது கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஒன்றில் மட்டும் நான் அவனைச் சந்தேகிக்கவில்லை.

நீ கொடுத்த சாவி அவனிடம் இருக்கிறது. உனக்குத் தெரியாமல் நான் செய்து வைத்திருந்த மாற்றுச் சாவி இந்த உறைக்குள் இருக்கிறது.

வேனைத் தொடாதே, தாயே. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. அக்காவையும் கூட்டிக்கொண்டு வா. நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

உன் மாமன்,
நமச்சிவாயம்