வெடிக்கடையிலிருந்து போன்

மார்ச் 4
வீட்டுக்குக் கீழே வெடிக்கடை வைத்திருக்கும் தம்பி போன் செய்தான். "அக்கா, பின் தெருக் கல்யாணத்துக்கு ரெண்டு பெட்டி போகுது. ஏழு மணிக்குக் கொளுத்துவாங்களாம். பாப்பாவப் பாத்துக்கோங்க."

உடனே வாஷிங் மெஷினை ஓடவிட்டு, சிட்டுவை அதன்மேல் சாய்த்து உட்கார வைத்தேன். அந்தக் கடகடப்பு என் மகளுக்குப் பிடிக்கும். வெளிச்சத்தம் அவ்வளவாகக் கேட்காது. அழுக்குத் துணி இல்லை. துவைத்ததையே மறுபடி துவைத்தேன்! எட்டு வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. திடீரென்று வெடித்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள்.

மார்ச் 11
எவனோ என்றைக்கோ வாங்கி மிச்சம் வைத்திருந்த வெடியைக் கொளுத்திவிட்டான். பிள்ளைக்கு நெற்றி புடைத்துவிட்டது. பாவிங்களா, நல்லா இருப்பீங்களா நீங்க?

மார்ச் 15
மாடி வீட்டு டீச்சர், நகராட்சிக்குக் கொடுக்க ஒரு மனுவில் கையெழுத்து வாங்க வந்தார். இனிமேல் கடைகளில் பொதுமக்களுக்கு வெடி விற்கக் கூடாதாம். நகராட்சியே மைதானத்தில், முன்கூட்டியே அறிவித்துக் கொளுத்த வேண்டுமாம். "நகராட்சிக் கூட்டத்துல நீங்கதாம்மா பேசணும்."

பேனாவை எடுத்தேன். கீழே கடைத் தம்பி யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. "நாளைக்குப் போடறேன் டீச்சர்."

இந்தத் தெருவில் என் பிள்ளையை நினைத்துப் போன் செய்கிறவன் அவன் ஒருத்தன்தான். அவன் பிழைப்பில் நானா மண்ணள்ளிப் போடுவது?

மார்ச் 16
"உனக்குப் பிள்ளை முக்கியமா, கடைக்காரன் முக்கியமா?" என்று கேட்கிறார் என் வீட்டுக்காரர். ரெண்டு பேரும்தான், போங்க!

மார்ச் 17
மனசு கேட்கவில்லை. அவனிடமே போய் மனுவைப் பற்றிச் சொன்னேன்.

"போடுங்கக்கா. யாரு வாங்கறாங்கன்னு எனக்குத் தெரியும். எப்பக் கொளுத்துவாங்கன்னு அவங்க சொன்னாத்தானே தெரியும்? அன்னிக்குப் பாப்பா அலறினது கடைக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு. எனக்குச் சோறே இறங்கல."

"உன் பொழப்பு?"

"இனிமே பெயிண்ட் விக்கிறேன். பேரம் பேசாம வாங்குவீங்கல்ல?" என்று சிரித்தான். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

மார்ச் 18
போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9
கூட்டத்தில் பேசினேன். அவன் போன் செய்வதையும் சொன்னேன். கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். "உங்க பிள்ளைக்காக ஊரே கொண்டாடாம இருக்கணுமா?" என்று ஒருவர் கத்தினார். "கொண்டாடுங்க. சொல்லிட்டுக் கொண்டாடுங்க" என்றேன்.

தீர்மானம் நிறைவேறியது.

ஜூன் 2
கடையில் ஈயோட்டுகிறான். தேவையே இல்லாமல் ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட் வாங்கி வந்தேன். "இதை எங்கே அடிக்கிறது, உன் தலையிலயா?" என்கிறார் இவர்.

ஜூன் 20
இன்று மாலை மறுபடியும் வெடித்தது. வெளியூரிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்திருப்பார்கள். சிட்டு மேசைக்கடியில் புகுந்து தலையை முட்ட ஆரம்பித்தாள்.

அதற்குள் கதவு தட்டும் சத்தம். அவன்தான். செருப்புகூட இல்லை.

"எங்க வாங்கினானுங்கன்னே தெரியலக்கா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனே..."

அவனைத் தேற்றுவதா, பிள்ளையைப் பிடிப்பதா? இன்றைக்கு மனுக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவேன். ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் மேசைக்கடியில் நுழைந்து, சிட்டுவைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தான். யாரும் தொட்டால் அவளுக்கு ஆகாது, என்னையே தள்ளிவிடுவாள். அடுத்த வெடி. அவளாகவே அவன் கைகள் இரண்டையும் இழுத்துத் தன் காதுகளில் வைத்து அழுத்திக்கொண்டாள். கையெல்லாம் பெயிண்ட். வெடி ஓய்ந்த பிறகும் விடவில்லை.

கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வந்திருந்தான். நான் இறங்கிப் போய் ஷட்டரை இழுத்துவிட்டு வந்தேன்.