மஜ்பூர் என்றொரு ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள், தங்கச்சியின் மகள், ஒரு பாகிஸ்தான் நாடகத்தைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டுக் காலை நீட்டியிருந்து அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் என் கண்ணீரை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. திடீரென்று நாடகத்துக்காரன் தலையைக் குனிந்து, "மே மஜ்பூர் ஹூன்" என்றான். கத்தி கையிலிருந்து விழுந்துவிட்டது.

"என்ன மாமா, உங்களுக்கு உருது விளங்குமோ?"

"விளங்குமோவோ! ஒரு முழு நாடகத்தையே தமிழாக்கினவன் பிள்ளை நான்."

"ஆருக்கு?"

விழுந்த கத்தியை எடுத்துக் கழுவப் போனேன். பதிலை உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுபதுகள் முடியப்போகிற காலம். ஸ்ட்ராத்ஃபீல்டில் தமிழ் முகம் கண்டால் தெருவைக் கடந்து ஓடிப்போய்க் கதைப்போம், அவ்வளவு குறைவு. நான் ரயில் பட்டறையில் பெட்டிகளுக்குப் பெயின்ற் அடித்தேன். சிட்னியில் என் கைபடாமல் ஒரு ரயிலும் அசையாது என்று ஊருக்கு எழுதினேன். உங்களுக்கும் அதையே சொன்னேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் தாதி. கூட வேலை செய்த லாகூர்க்காரி ஷமீமின் வீட்டில் உங்களுக்கு முன்னறை. அடுத்த வீட்டுக் கோடியில், யன்னல் இல்லாத ஒரு கொட்டில் எனக்கு. படுத்தால் தலை ஒரு சுவரில் முட்டும், கால் மறு சுவரில். எனக்கு உயரம் அப்படி.

ஷமீமுக்கு லாகூரிலிருந்து தங்கை கசெற் அனுப்புவாள். அங்கே தொலைக்காட்சியில் நாடகம் ஓடும்போது ரெக்கோடரை அதன் முன்னால் வைத்துப் பதிந்துவிடுவாள். படம் கிடையாது, குரல் மட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஷமீம் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், அதைப் போட்டுவிட்டு அழத் தொடங்குவார். விளக்கம் கேட்டால் கையை உயர்த்தி, பொறு என்பார். அந்தக் குசினி யன்னல் பெயின்ற் பூசி ஒட்டிப்போய்த் திறக்காது. பெயின்ற்காரன் நான் இருக்கிறேன், வாற கிழமை திறந்து தருகிறேன் என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னேன்.

"உங்களுக்கு உருது தெரியுமே?" என்று நீங்கள் கேட்டது அங்கேதான்.

"கொழும்புப் புறக்கோட்டையில உருதுக்காரற்ரை புடைவைக் கடையில நிண்டவன் நான். முதலாளியே சந்தேகம் எண்டால் என்னட்டைத்தான் கேப்பார்."

"எண்டால் சொல்லுங்கோ. ஷமீம் ஏன் அழுகிறா?"

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சொன்னேன். நஜ்மா என்று ஒரு தையல்காரப் பெண். மேல்மாடியில் இருக்கிறவனில் அவளுக்கு உயிர். அவன் திரும்பியும் பார்க்கிறானில்லை. இவ்வளவும் அழுகையின் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். மிச்சத்தை நான் போட்டேன். லாகூர்த் தெருவில் ஒரு மரக்கறிக்காரன் கத்தியதும் கசெற்றில் விழுந்திருந்தது. அதை நீதிபதியின் தீர்ப்பாக்கினேன். தங்கையின் பிள்ளை இருமியது. நஜ்மாவின் தாய்க்குச் சயரோகம் வந்தது. ஷமீமுக்குத் தமிழ் தெரியாது. நான் கையைக் காலை ஆட்டிச் சொல்வதைப் பார்த்து, சரி சரி என்று தலையாட்டுவார்.

ஒரு சொல் மட்டும் எல்லார் வாயிலும் வந்தது. மே மஜ்பூர் ஹூன். ஜெய்ப்பூர், நாக்பூர் எல்லாம் தெரிந்த எனக்கு இது தெரியாதா?

"தான் மஜ்பூரில நிக்கிறானாம். அதுதான் வரேல்லையாம்."

"அது எங்கை இருக்கு?"

"லாகூரிலயிருந்து ரயிலேறினால் ஒரு பொழுது. மாம்பழத்துக்குப் பேர்போன இடம்."

பிறகு ஒருநாள், ஏன் என்று தெரியாது, நாடகத்தில் இல்லாத ஒருவனைக் கொண்டுவந்தேன். கசெற்றில் குரல் இல்லாதவன் நிற்கிறானா இல்லையா என்று யார் கண்டது? நஜ்மா வீட்டுக் கதவுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவன். வேலை முடிந்தும் போகாமல் கதவடியில் நிற்கிறான். அதற்குப் பிறகு நீங்கள் வந்ததும் வராததுமாக அவனைத்தான் விசாரித்தீர்கள்.

"இண்டைக்கு வந்தவனே?"

"வந்தவன். கதவடியிலதான்."

"ஏன் வாய் திறக்கிறான் இல்லை?"

"அவன் மஜ்பூர் ஆள். அந்த ஊராக்கள் அப்பிடித்தான்."

நீங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தீர்கள்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் என்னை எல்லாரும் அண்ணை என்றார்கள். நீங்கள் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சை பாருங்கோ" என்பீர்கள், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் நான் ஒரு மாளிகை கட்டியிருந்தேன். கதவு வைக்க மறந்துவிட்டேன்.

குளிர்ச் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டே ஒரு பின்னேரம் சொன்னீர்கள்: "மெல்பேர்னிலை ஒராளைப் பாத்திருக்கினம். எக்கவுண்டனாம், கணக்கு வேலை. லண்டனிலயிருந்து அண்ணை பதில் கேக்கிறார். அப்பாவும் இல்லை, அவர்தானே எல்லாம். நாடகம் முடியட்டும், சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் எழும்பிப் போய் யன்னலைத் தள்ளிப் பார்த்தேன்.

எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார் வீட்டில் குமராக இருந்தார்கள். அவர்களைக் கரைசேர்க்காமல் ஆண்பிள்ளை மாலையும் கழுத்துமாய் நின்றால் அம்மா ஊரில் தலைகாட்ட முடியாது. போதாததற்கு, சோதனை பாஸ் பண்ணிய தாதியை எட்டாம் வகுப்புப் பெயின்ற்காரன் எந்த வாயால் கேட்பது? எல்லாவற்றையும் பேசிய வாய்தான், அதற்கு மட்டும் திறக்கவில்லை.

கடைசிக் கசெற்றும் வந்தது. மேல்மாடிக்காரன் பட்டுத் தெளிந்து, காலம் கடந்து வந்து அழுதான். அது நான் போட்டதில்லை, அவன் உண்மையாகவே அழுதான். டக்கென்று கசெற் நின்றது. ஷமீம் முகம் கழுவப் போனார்.

"கடைசியா அவன் என்ன சொன்னவன்?" என்று கேட்டீர்கள்.

"மேல்மாடிக்காரனோ? தன்னை மன்னிக்கச் சொல்லி..."

"அவனை விடுங்கோ. கதவடியில நிண்டவன்."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"அவன் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ. உருது கஷ்டமான பாஷை."

"பிரஷைக் கழுவிக்கொண்டு நிக்கிறான்."

"ஏனாம்?"

"மஜ்பூர்."

எழும்பி அடுப்பை அணைத்தீர்கள். பிறகு, "நான் ஷமீமிட்டைக் கேட்டனான். நாடகத்தில பெயின்ற்காரன் ஒருத்தனும் இல்லையாம். மஜ்பூர் எண்டு ஊரும் இல்லையாம். வேறை வழியில்லாமல் கட்டுப்பட்டுக் கிடக்கிறதுக்குத்தான் அப்பிடிச் சொல்லுறதாம்."

"அதைத்தானே நானும் சொன்னனான்!"

வாய் விட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில், "எனக்கும் அந்த ஊர்தான்," என்றீர்கள்.

மெல்பேர்ன் ரயிலுக்குப் பெட்டி தூக்கி வந்தவன் நான்தான். ஷமீம் அழுதார், அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இந்த ரயிலுக்கு நான்தான் பெயின்ற் அடித்தேன், புதுப் பெயின்ற், கதவில் சாயாதேயுங்கோ என்று ஏதோ அளந்துகொண்டு நின்றேன். நீங்கள் ஏறி, திரும்பி நின்று சொன்னீர்கள்:

"அப்ப போட்டு வாறன், அண்ணை."

முதல் தரம். கதவு மூடிக்கொண்டது.

தங்கச்சிமார் இருவரையும் ராசாத்திகளைப் போலக் கட்டிக்கொடுத்தேன். ஊரே மூக்கில் விரல் வைத்தது. அது முடிந்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அதுவும் எனக்கு அழகாகத்தான் இருந்தது.

போன மாதம் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மெல்பேர்ன் ட்ருகனினாவுக்கு வந்தேன். சுற்றிலும் பண்டகசாலைகள், நடுவில் உங்கள் மகனின் புது வீடு. சாப்பாட்டுத் தட்டோடு வந்த மகன், எங்கள் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"அங்கிள், ஊரில நீங்கள் எவடம்?"

சொந்த ஊரைத்தான் சொல்ல வாயெடுத்தேன். "மஜ்பூர்" என்று வந்துவிட்டது.

அவர் தட்டோடு அப்படியே நின்றார்.

"அம்மாவும் அந்தப் பேர் சொல்லுறவா. யன்னலடியில சும்மா இருப்பா. என்னம்மா யோசினை எண்டு கேட்டால், மஜ்பூருக்குப் போட்டு வாறன் எண்டுவா. நான் மேப்பில தேடிப் பாத்தனான், இல்லை. அது எப்பிடியான இடம், அங்கிள்?"

வேறு யாராவது கேட்டிருந்தால் கோட்டை, கொத்தளம், மாந்தோப்பு எல்லாம் கட்டியிருப்பேன். உங்கள் முகவெட்டோடு நிற்கிற பிள்ளைக்கு அளக்க மனம் வரவில்லை.

"சின்ன இடம், தம்பி. ஒரு குசினி, திறக்காத யன்னல் ஒண்டு. ரெண்டு பேர்தான் இருந்தனாங்கள். இப்ப நான் மட்டும்."