அரக்கு எடுத்தது உண்மை, சீல் எடுக்கவில்லை

அனுப்புநர்:
ஏ. கோவிந்தம்மாள்,
காலஞ்சென்ற பியூன் ஏகாம்பரத்தின் மனைவி,
முனிர்கா கிராமம், புது டில்லி.

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
பாங்கு மண்டல அலுவலகம், புது டில்லி.

பொருள்: இறந்துபோன என் கணவர் மேல் கிளையில் எழுதிய திருட்டுப் பழியை நீக்கக் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்குக் கும்பிட்டு எழுதுவது,

நான் ஐந்தாவது வரை படித்தவள். இந்தியில் எழுத வேறு ஆளைத் தேடவேண்டும். ஐயா தமிழர் என்று கேள்விப்பட்டு என் கையாலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

1. என் கணவர் பதினொரு வருஷம் பியூன். ஜனவரி மூன்றாம் தேதி மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீடு திரும்பவில்லை. இருபத்திரண்டாம் தேதி போய்விட்டார்.

2. காரியத்துக்கு மறுநாள் அவரோடு வேலை பார்த்த வடிவேல் துக்கம் கேட்க வந்தார். தண்ணீர் வாளியின் அடியில் சிவப்பாய் ஒட்டியிருப்பதைப் பார்த்து, இது என்ன அண்ணி என்றார். ஓட்டை வாளி, உங்கள் அண்ணன்தான் பாங்கு அரக்கை உருக்கி அடைத்தார் என்றேன். இழவு வீட்டில் எதை மறைக்கத் தோன்றும்? அது கிளைவரை போய்விட்டது. பணப் பையில் அரக்கின்மேல் குத்துகிற பித்தளை சீல் காணவில்லையாம். அரக்கை எடுத்தவன்தான் சீலையும் எடுத்திருப்பான் என்று எழுதிவிட்டார்கள். எனக்குத் தருவதாகச் சொன்ன கூட்டிப் பெருக்கும் வேலையும் நின்றுபோயிற்று.

3. அரக்கு எடுத்தது உண்மை ஐயா. உடைந்த துண்டுகள், சணல் நுனி, இரண்டு மெழுகுவர்த்தி. குப்பைக்குப் போவதுதானே என்பார். கேட்காமல் எடுத்தது தப்புதான். வாளியில் இருந்ததையும் சுரண்டி, எல்லாவற்றையும் துணியில் முடிந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கிளை அதிகாரிகளின் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க, ஜனக்புரிவரை பாங்கு காகிதக் கட்டைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தவரும் இவரேதான். அதற்குப் பேர் திருட்டு என்று யாரும் எழுதவில்லை.

4. அரக்கு ஊற்றுவதுதான் பியூன் வேலை. சீலைக் குத்தி, தன் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர் தலைமைக் காசாளர். அந்தச் சாவியை என் கணவர் தொட்டதில்லை.

5. பொங்கல் கழிந்த திங்கட்கிழமை வடிவேல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "உங்க வேலைய என் தலையில கட்டிட்டாங்கண்ணே, காலையில பைக்கு அரக்கு ஊத்தி வெரலு வெந்துபோச்சு" என்று விரலைக் காட்டினார். "பதினோரு வருசமா எனக்கு வேகலியேடா" என்று இவர் சிரித்தார். அதற்குப் பிறகு இவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்குப் பையில் சீல் குத்தினார்கள் என்றால் சீல் பாங்கில்தானே இருந்திருக்கும்? இவர் அப்போது எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தார்.

6. வடிவேல் இப்போது பஸ்ஸில் என்னைக் கண்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐயா கூப்பிட்டுக் கேட்டால் மறைக்கமாட்டார். எந்தத் தேதிவரை அந்தச் சீல் குத்தின பைகள் போயின என்று புத்தகத்தையும் பார்க்கவேண்டும்.

வேலை கொடுக்க இடமில்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். திருடன் பெண்டாட்டிக்கு இல்லை என்று மட்டும் எழுதவேண்டாம்.

இடம்: புது டில்லி
தேதி: 6.3.1978

இப்படிக்கு,
ஏ. கோவிந்தம்மாள்