பிரிக்காத குடைமிளகாய்ப் பொதி

மதினி,

அடுக்களை அலமாரியைத் திறந்தால் அழுகிய நேந்திரம்பழ வாடை முகத்தில் அடிக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டி நீங்கள் வைத்த குடைமிளகாய்ப் பொதி பன்னிரண்டு நாளாக அங்கேயே கிடந்தது. நான் தொடவில்லை.

நம் வழக்கம் அப்படி. மாடியில் பறித்த காயைச் சிவக்கட்டும் என்று நேந்திரம்பழத்தோடு பொதிந்து வைத்தால், மூன்றாம் நாள் காலையில் சாயா குடித்துக்கொண்டே இருவரும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும். ஒருத்தி மட்டும் பிரித்துப் பார்ப்பது கள்ள ஆட்டம். அண்ணனும் போய், என் வீட்டுக்காரரும் போய், மட்டாஞ்சேரியில் இந்த வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் என்று ஆன பிறகு நமக்கு இருந்த ஒரே விளையாட்டு அது. எது முதலில் சிவக்கும் என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொள்வோம்.

இந்தத் தடவை கெடுத்தது நான்தான். மழை கொட்டிவிடும் என்று பயந்து, நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் ஆறு காயையும் பறித்துவிட்டேன். முறத்தைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்தீர்கள்.

"எடீ, ஒரு கீத்தாவது செவப்பு ஓடியிருக்க வேண்டாமா? முழுப்பச்சையை எந்தப் பழத்தோட வச்சாலும் வாடத்தான் செய்யும்."

"எனக்கு இனிமே செடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் தொட்டா எதுதான் விளங்குது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"சரி விடு, வச்சுப் பார்ப்போம். படைச்சவன் நெனச்சா செவக்காதா?"

மறுநாள் சாயங்காலம், பப்படம் வாங்க வேண்டும் என்று தனியாகக் கடைக்குப் போனீர்கள். நான் அப்போதும் உர்ரென்றுதான் இருந்தேன். கூட வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பொதியைப் பிரித்தால் நீங்கள் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இத்தனை நாள் விட்டுவைத்தேன். இன்று வாடை தாங்கவில்லை. ஒற்றைக் கிளாஸ் சாயாவோடு உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன்.

பழம் கறுத்துக் கூழாகிவிட்டது. ஆறு காயும் நீங்கள் சொன்னபடியே, பச்சையாகவே தோல் சுருங்கிக் கிடந்தன. நடுவில் ஏழாவதாக ஒன்று இருந்தது. தோல் தளர்ந்திருந்தாலும் நல்ல சிவப்பு. திருப்பினேன். கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அவசரத்தில் நீங்கள் கவனிக்கவில்லை போலும். காம்பும் நாம் கையால் கிள்ளுவது மாதிரி இல்லை, கத்தியால் வெட்டியது.

பப்படம் வாங்கப் போன அன்று எனக்குத் தெரியாமல் பிரித்திருக்கிறீர்கள். மூன்றாம் நாள் காலையில் என் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறீர்கள்.

கள்ளி என்று வாய்விட்டுத் திட்டினேன் மதினி. சிரிப்பும் வந்தது. பிறகு அந்தக் காயை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். என்னைச் சமாதானப்படுத்த இனி யார் இத்தனை பாடுபடப் போகிறார்கள்?